இருளாயி கோபப்படும் இடம்

காரேந்தலில் மழை பொய்த்துப்போய் எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆனால் வறண்டு கிடந்த பெரிய கிணற்றில் தண்ணீர் ஏறியது என்றைக்கு என்று கேட்டால் ஊரே ஒரே நாளைத்தான் சொல்லும், கீழத்தெரு இருளாயியின் குடத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் ராஜாங்கம் காலால் எத்திவிட்ட நாளை.

அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. லாரி மேலத்தெருப் பெரிய கிணற்றடியில்தான் நிற்கும், முதலில் மேலத்தெரு பிடிக்கும், பிறகு நடுத்தெரு பிடிக்கும், மிச்சமிருந்தால் கீழத்தெரு பிடித்துக்கொள்ளலாம் என்பது முறை, மிச்சம் என்று ஒரு சொட்டுகூட இருந்ததில்லை என்பதும் முறைதான். கருவேலங்காட்டில் கரிமூட்டம் பிரித்துவிட்டு, தலை முதல் கால் வரை கரித்தூளோடு நேராக வந்த இருளாயி, தன் எவர்சில்வர் குடத்தை வரிசையில் முன்னால் வைத்தாள். வைத்தது குற்றமாகிவிட்டது. தலைவர் எத்தினார், குடம் உருண்டுபோய்க் கிணற்றுக்குள் விழுந்து அடிப்பாறையில் மோதி ஊரெல்லாம் கேட்கச் சத்தம் கொடுத்தது, இருளாயி வாயைத் திறந்தாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஏனென்றால் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிணற்றுக்குள் குபுகுபுவென்று ஓசை எழுந்தது, எட்டிப் பார்த்தவர்கள் கண்ணுக்கு முன்னால் பாறை நனைந்தது, குடம் அசைந்தது, மிதந்தது, மிதந்த குடம் தண்ணீரோடு தண்ணீராக ஏறி ஏறிக் கிணற்று விளிம்புக்கே வந்து நின்றது. யாரும் ஆச்சரியப்படவில்லை. மேலத்தெருப் பெண்கள் அந்தக் குடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தங்கள் குடங்களை முக்கினார்கள்.

ஆச்சரியப்படாதவர்கள் காரணம் சொல்லவும் தயங்கவில்லை. பூசாரி அம்மன் மனமிரங்கினாள் என்றார், கிணற்று விளிம்புக்கு மஞ்சள் பூசித் தேங்காய் உடைத்தார். ஜீப்பில் வந்த இன்ஜினியர் ஏதோ ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, நிலத்தடி அழுத்தம் என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஆனால் இருளாயி வீட்டுக்குப் போனதும் தண்ணீர் இறங்கியது, மறுபடி அவளைக் கூப்பிட்டு நிறுத்தி யாராவது வைதால் ஏறியது, இதைப் பார்க்காத கண் ஊரில் இல்லை. பார்த்ததை எப்படி ஒத்துக்கொள்ளாமல் இருப்பது என்பதில் காரேந்தல்காரர்கள் கெட்டிக்காரர்கள். கிணறு ஊருடையது, தண்ணீர் அம்மனுடையது, இருளாயி சும்மா ஒரு சாக்கு என்று பேசி முடித்தார்கள்.

இருளாயியும் அதை நம்பினாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். நம்பாமல் என்ன செய்வாள்? தன் கோபத்தை ஒரு வியாதி என்று நினைக்கத்தான் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாது என்று அவள் அம்மா மிளகாயைச் சுட்டு மூக்கடியில் புகை போட்டாள், கோடாங்கி வேப்பிலையால் அடித்தான், கட்டியவன் செத்துப்போனபோது இவள் வாய்தான் அவனைக் கொண்டுபோனது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அதனால் வீட்டில், தெருவில், சொந்தபந்தத்தில் எங்கேயும் அவள் கோபத்தை வெளியே விடுவதில்லை, பல்லைக் கடித்து விழுங்கிக்கொள்வாள். வாழ்நாளிலேயே அவளைக் கோபப்படச் சொன்ன ஒரே இடம் அந்தக் கிணற்றடிதான்.

பிறகு ஊர் கூடித் தண்ணீர்க் கமிட்டி போட்டது. கிணற்றோரம் இருளாயி நிற்பதற்குச் சிமென்டில் ஒரு மேடை கட்டினார்கள், வெயில் படாமல் தகரம் போட்டார்கள், அதற்கு மேல் தலைவர் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். காலையில் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து இருளாயியை வைய வேண்டும் என்று முறை வைத்தார்கள், அதற்குத் திட்டுமுறை என்று பெயர் வந்தது, இன்றைக்கு உங்கள் வீட்டுத் திட்டுமுறையா என்று பெண்கள் கோலம் போடும்போதே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நன்றாகத் திட்டத் தெரிந்தவர்களுக்கு ஊரில் மரியாதை கூடியது. திட்ட வராத மளிகைக்கடைக்காரர் ஒருவர் முந்தின நாளே வீட்டில் மனைவியை எதிரே நிறுத்தி ஒத்திகை பார்க்கப்போய், அந்த வீட்டில் தனியாக ஒரு சண்டை நடந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் பந்திக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டாரையும் அழைத்து வந்து வையச் சொன்னார்கள், அவர்களும் பட்டுவேட்டியோடு வந்து, யாரென்றே தெரியாத ஒரு பொம்பளையை மனதார வைதுவிட்டுத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

திட்டியவர்களில் பெரிய பெயர் வாங்கியவர் ஓய்வுபெற்ற சந்திரவதனம் டீச்சர். அவர் குரலை உயர்த்தவே மாட்டார், கையில் குடையோடு மேடைக்கு எதிரே நின்று, வகுப்பில் பாடம் நடத்துகிற அதே நிதானத்தில் ஆரம்பிப்பார்.

"ஏ இருளாயி, நீ நடந்து வார பாதையில கோழிகூட மேயாதுடி. உன் மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் உன் புருஷன் கண்ண மூடிட்டான்."

கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் ஏறும். டீச்சர் எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு, குரலை மாற்றுவார்.

"மனசுல வச்சுக்காத, என்ன? தண்ணிக்காகத்தான். மக பாண்டீஸ்வரி எப்படி இருக்கா? எத்தன மாசம் இப்ப?"

"ஆறு நடக்குது டீச்சர்."

"பத்திரமாப் பாத்துக்க. பேறுகாலம்னா சும்மாயில்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு பொட்டலத்தில் முறுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்.

மற்றவர்கள் திட்டியதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை, எழுதினால் என் கைதான் நாறும். அவள் தெருவைச் சொன்னார்கள், பிறப்பைச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பொடியன்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ வா போ என்று பேசி, அப்பா எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தான். அவள் கோபப்பட்டாள், தண்ணீர் ஏறியது, மோட்டார் ஓடியது, மேல்நிலைத் தொட்டி நிறைந்தது, தொட்டியிலிருந்து குழாய் மேலத்தெருவுக்கும் நடுத்தெருவுக்கும் போய்க் கோயில் திருப்பத்தில் நின்றுவிட்டது. கோயில் திருப்பத்துக்குக் கீழே இருக்கிற கீழத்தெருப் பெண்கள் எப்போதும்போல வெயிலில் நடந்து ஊருணிச் சேற்றைச் சிரட்டையால் வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். இருளாயி திட்டுமுறை முடிந்து, காட்டுவேலையும் முடிந்து, சக்கையாகிப் போய் வீடு திரும்பினால் அவளுக்கும் அந்தச் சேறுதான்.

நாளாக நாளாக அவளுக்குக் காது மரத்துப்போனது. எத்தனை தரம்தான் ஒரே கரிச்சட்டி, ஒரே மூஞ்சி, ஒரே செத்த புருஷன்? யார் என்ன சொன்னாலும் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஊர் பதறியது. இருளாயிக்குத் திமிர் பிடித்துவிட்டது, நாம் இவ்வளவு வைதும் கோபமே வரமாட்டேன் என்கிறது, எல்லாம் மேடை கட்டிக் கொடுத்த கொழுப்பு என்று நடுத்தெரு பேசியது. பக்கத்து ஊர்ச் சந்தையில் வாய்க்குப் பெயர்போன மீன்காரி ஒருத்தியை அழைத்து வந்தார்கள், அவள் இருளாயியை ஏறஇறங்கப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பள எனக்கு என்ன செஞ்சா, நான் ஏன் வையணும்?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தக் கேள்வி காரேந்தலில் ஒருவருக்கும் அதற்கு முன்னால் தோன்றியதில்லை, கேட்ட பிறகும் தோன்றவில்லை.

அப்போதுதான் பாண்டீஸ்வரிக்கு ஏழாம் மாதம் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், வளையல் அடுக்கி மகளைக் கையோடு கூட்டிவருவது தாயின் உரிமை, அதை விட்டுக்கொடுக்கிற தாய் கிடையாது. இருளாயி கண்ணாடி வளையல் வாங்கினாள், கட்டுச்சோறு கட்டினாள், வீட்டுக்குச் சாணி மெழுகி மூலையில் கயிற்றுக்கட்டில் போட்டுவைத்துவிட்டு, மகள் வாழ்க்கைப்பட்ட சிறுகுறிச்சிக்குப் போனாள். வளைகாப்பு நன்றாகவே நடந்தது. கிளம்புகிற நேரத்தில் சம்பந்தி வள்ளிமயில் வாசலை மறித்து நின்றாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. உங்க தெருவுல குடிக்கவே தண்ணி இல்லையாமே. பெத்தவளுக்கும் பச்சப்புள்ளைக்கும் குளிக்க ஊத்த எங்க போவீக? அவ இங்கயே இருக்கட்டும்."

"எம்மக தலப்புள்ளைக்கு என் வீட்டுக்கு வரக்கூடாதா மதினி?"

"தண்ணி வந்தா அனுப்புறேன். சத்தியமா அனுப்புறேன்."

ஓர் ஊரையே குளிப்பாட்டுகிறவள், மகளுக்கு ஒரு குடம் இல்லாமல் காலிக் கூடையோடு பஸ்ஸில் திரும்பி வந்தாள். மறுநாள் காலை மேடையில் ஏறுவதற்கு முன்னால் தலைவரிடம் கைகூப்பினாள்.

"ஐயா, கோயில் திருப்பத்துல இருந்து கீழ ஒரே ஒரு குழாய் போட்டுக் குடுங்க. எம்மக பேறுகாலத்துக்கு வரணும்."

"அதுக்கெல்லாம் நிதி வரணும் இருளாயி. வரட்டும், பாப்போம். நீ மேல ஏறு, நேரமாகுது."

அன்றைக்கு யாரும் வைய வேண்டியிருக்கவில்லை. கிணறு பொங்கி விளிம்பு தாண்டி மேலத்தெருவில் ஓடியது, பிள்ளைகள் அதில் குதித்து விளையாடின, பூசாரி அம்மனுக்குப் பொங்கல் வைத்தார். தலைவர் கமிட்டிக்காரர்களைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் கமிட்டிக்குத் தெரியும், இருளாயிக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது சில நாள் கழித்து. மத்தியானம் தன் வீட்டு வாசலில் குந்தி, சாம்பலும் மண்ணும் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக்கூடாது."

"சொல்லு தாயி."

"வளைகாப்புக்கு முந்தியே உங்க ஊர்த் தலைவரு இங்க கார்ல வந்திருக்காரும்மா. கீழத்தெருவுல தண்ணி கிடையாது, அங்க போனா தாயும் புள்ளையும் தேறாது, அனுப்பாதீகன்னு அத்தகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காரு. அத்த இன்னைக்குத்தான் வாயத் தொறந்தாக. அவருக்கு எதுக்கும்மா இந்த வேல?"

எதற்கு என்று இருளாயிக்கு உடனே புரிந்துவிட்டது. மரத்துப்போன காதுக்குப் புதுச்சொல் கிடைக்கவில்லை என்று, பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்கு வரவிடாமல் தடுத்து, அந்த வயிற்றெரிச்சலை இறைத்துக் குடித்திருக்கிறார்கள். போனைக் கீழே வைத்தாள். பல்லைக் கடிக்க நினைத்தாள், கடிக்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்தது, யாரும் வைதுகொடுத்த கோபம் இல்லை, முறை வைத்து வரவழைத்த கோபம் இல்லை, முழுக்க முழுக்க அவளுக்கே சொந்தமான கோபம், தன் வீட்டு வாசலில் ஆயுளிலேயே முதல் தடவையாக அதை விழுங்காமல் விட்டாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சிதான் முதலில் கத்தினாள். "ஏ மயினி, உன் காலடியப் பாரு!"

பாத்திரம் தேய்த்த மண் கறுத்து ஈரமாகி, ஈரம் குழியாகி, குழியிலிருந்து தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. பேச்சி கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தாள், இளநீராக இனித்தது. இருளாயி குடிக்கவில்லை. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இங்கே கிணறு இல்லை. இங்கே அம்மன் இல்லை, மேடை இல்லை, பூசாரி தேங்காய் உடைத்தது வெறும் கல்லுக்கு. அப்படியானால் இத்தனை நாளாக ஏறியது எது, அதற்கு முன்னால் மிளகாய்ப் புகை போட்டு அமுக்கியது எதை, கோடாங்கி வேப்பிலையால் அடித்து விரட்டப்பார்த்தது எதை? எண்ணிப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பேச்சி, எனக்கு ஒரு வியாதியும் இல்லடி" என்றாள்.

பிறகு தெருவில் இறங்கி நடந்தாள். பேச்சி வீட்டு வாசலில் நின்று, உருண்டுபோன குடத்தை நினைத்தாள், அங்கே ஓர் ஊற்று வந்தது. அடுத்த வாசலில் டீச்சரின் குடையை நினைத்தாள், அங்கே ஒன்று. பட்டுவேட்டி மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று, ஒப்பித்த பொடியனுக்கு ஒன்று, நிதி வரட்டும் என்ற வாய்க்குப் பெரிதாக ஒன்று, இப்படித் தெருக்கோடி வரைக்கும் நடந்து வாசலுக்கு வாசல் கோபப்பட்டாள், கீழத்தெருப் பெண்கள் குடமும் அண்டாவும் குழந்தைகளுமாகப் பின்னாலேயே வந்தார்கள். அடுப்பில் விறகை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும்போல, கூட்டவும் குறைக்கவும் தனக்கு வருகிறது என்று தெருக்கோடியில் திரும்பும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தானாக வருவதாக நினைத்திருந்த ஒன்று தன் சொல் கேட்கும் என்று தெரிந்துகொள்ள அவளுக்குப் பாதி ஆயுள் பிடித்திருக்கிறது, அந்தப் பாதி ஆயுளை யார் திருப்பிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் மேடைக்குப் போகவில்லை. திட்டுமுறைக்காரர் வந்து, ஆளில்லாத மேடையைக் கொஞ்ச நேரம் வைதுபார்த்துவிட்டுப் போனார். கிணறு இறங்கியது, தொட்டி காய்ந்தது, மேலத்தெருக் குழாய்களில் காற்று வந்தது. வள்ளிமயில் செய்தி கேட்டு ஷேர் ஆட்டோவில் மருமகளோடு வந்து இறங்கி, ஊற்றில் கைவிட்டு அளைந்து பார்த்து, ஒரு சொம்பு அள்ளி முகம் கழுவி, "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன் மதினி, வச்சுக்கங்க உங்க மகள" என்று சொல்லி, பாண்டீஸ்வரியின் துணிப்பையைக் கட்டிலில் வைத்தாள். கட்டில் நிறைந்தது.

மேலத்தெரு பொறுத்துப் பார்த்தது. லாரிக்குச் சொன்னார்கள், ஊரில்தான் தண்ணீர் இருக்கிறதே என்று லாரி வரவில்லை. கீழத்தெருவுக்குள் போய்த் தண்ணீர் எடுப்பதா என்று ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள், வீட்டுக்குள் சோறு பொங்க வழியில்லாமல் பெண்கள் வெறுங்குடத்தை இடுப்பில் எடுத்தார்கள். கடைசியில் தலைவர் ராஜாங்கம் முன்னால் நடக்க, மேலத்தெருவும் நடுத்தெருவும் பின்னால் வர, கோயில் திருப்பத்தைத் தாண்டிக் கீழே வந்தார்கள். தலைவர் அந்தத் தெருவில் கால் வைத்தது ஓட்டுக் கேட்டு வந்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இருளாயி வாசலில் மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"ஏ இருளாயி, என்ன நெனச்சுக்கிட்டு இருக்க? வா, வந்து மேடையில ஏறு. தண்ணி ஊர்ப்பொது."

"ஊர்ப்பொதுன்னா கீழத்தெரு எந்த ஊரு தலைவரே?"

"வாய் நீளுது. நீ வராட்டி ஊரு தவிச்சுச் சாகும், அந்தப் பாவம் உனக்குத்தான்."

"யாரும் சாக வேணாம்." இருளாயி மகளின் முடியை மூன்றாகப் பிரித்தாள். "இது என் கோவம். எங்க படுறதுன்னு நாந்தான் சொல்லுவேன், இனி இங்கதான். குடத்த வரிசையில வைக்கச் சொல்லுங்க. பேச்சிக்குப் பின்னால."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்திரவதனம் டீச்சர்தான் முதலில் நகர்ந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச்சியின் குடத்துக்குப் பின்னால் தன் பித்தளைக் குடத்தை வைத்தார், இருளாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்ததும் தலைவருக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

"எங்க வீட்டுப் பொம்பளைக உங்க தெருவுல வந்து வரிசையில நிக்கணுமா? அந்த நெனப்பு வந்துருச்சா உனக்கு? எந்தப் பய குடுத்த தைரியம்டி இது?"

இருளாயி பின்னலை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஊற்று ஓசையோடு எழும்பியது. பேச்சியின் குடம் நிறைந்தது. அவர் கத்தினார், அவள் தெருவைச் சொன்னார், பிறப்பைச் சொன்னார், கரியைச் சொன்னார், சொல்லுக்குச் சொல் தண்ணீர் கூடியது, அவர் செருப்பு நனைந்தது, வேட்டிக்கரை நனைந்தது, கீழத்தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டே நிறைந்த குடங்களை நகர்த்தி வெறுங்குடங்களை வைத்தார்கள், பாண்டீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலில் குளிர் உறைத்த பிறகுதான் தலைவர் குனிந்து பார்த்தார். யாருக்காக யார் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சட்டென்று வாயை மூடினார். தண்ணீர் தணிந்தது.

"ஏன் நிறுத்திட்டீக தலைவரே?" என்றாள் இருளாயி. "பேசுங்க. டீச்சர் குடம் இன்னும் நெறையல."